பழைய வால்வு வாங்குவதற்கு முன்: வீட்டு ப்ரீஆம்புக்கான முழு வழிகாட்டி

பவர் ஆம்ப்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்புக்குப் பழைய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) தேடுகிறவர்கள் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரில்தான் ஆரம்பிக்கிறார்கள். முல்லார்டா, டெலிஃபுங்கனா, ஆர்சிஏவா என்று விசாரித்து, நாலு வால்வையும் ஒரே பெயரில் வாங்கி மாட்டுவார்கள். இரைச்சல் வந்ததும் பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்த வழிகாட்டியில் பெயர் ஐந்தாவது படியில்தான் வருகிறது. முதல் நாலு படிகளைச் செய்து முடித்தால், வாங்க வேண்டிய வால்வுகளின் எண்ணிக்கையே குறைந்துவிடும். பல சமயம் ஒன்றே ஒன்று போதும் என்று தெரியவரும்.

இங்கே பேசுவது சின்ன சிக்னல் வால்வுகளைப் பற்றி மட்டும்: 12ஏஎக்ஸ்7 குடும்பம், 6டிஜே8 குடும்பம், எட்டுக்கால் 6எஸ்என்7. பவர் வால்வுக்குக் கணக்கு வேறு.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

முதல் தேவை உங்கள் ப்ரீஆம்பின் சர்க்யூட் வரைபடம். அது கிடைக்காவிட்டால், எந்த சாக்கெட்டில் எந்த எண் வால்வு என்ற பட்டியலாவது வேண்டும். ஏற்கெனவே இருக்கிற வால்வைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் தவறானதை மாட்டியிருக்கலாம்.

அடுத்தது, 600 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்கும் மல்டிமீட்டர், அதற்கேற்ற நல்ல இன்சுலேஷன் உள்ள கம்பிகள். ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஒரு பூதக்கண்ணாடி, டார்ச், நுனியில் அழிப்பான் உள்ள பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும்: சந்தேகமே இல்லாமல் நன்றாக வேலை செய்யும் ஒரு செட் வால்வு. இன்றைய தயாரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அளவுகோல் என்று ஒன்று இல்லாமல் பழைய வால்வை மாட்டினால், கேட்கிற குறை வால்வுடையதா சர்க்யூட்டுடையதா என்று சொல்லவே முடியாது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ப்ரீஆம்ப்தானே என்று அலட்சியம் வேண்டாம், உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். மூடியைத் திறந்ததும் அந்த கெப்பாசிட்டர்களில் மீட்டரை வைத்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே விரலை உள்ளே விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதென்றால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இதில் பழக்கமே இல்லாதவர்கள் மூடியைத் திறக்காமல், மூன்றாம் படியில் உள்ள அளவுகளைத் தெரிந்த ஒருவரிடம் எடுத்துக்கொள்வது நல்லது. மற்ற படிகளுக்கு அது தடையாகாது.

2. எந்த வால்வுக்கு என்ன வேலை

வரைபடத்தில் சிக்னல் நுழையும் இடத்திலிருந்து விரலை வைத்துக்கொண்டே போங்கள். முதலில் சந்திக்கும் வால்வு முதல் நிலை. ரெக்கார்டு பிளேயருக்கான ஃபோனோ பகுதி இருந்தால், அதன் முதல் வால்வுதான் உங்கள் காசுக்கு உரியது.

காரணம் எளிது. ரெக்கார்டு பிளேயரின் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். ஃபோனோ பகுதி அதை 1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 100 மடங்கு பெருக்கும். முதல் வால்வில் பிறக்கும் இரைச்சலும் அடுத்தடுத்த நிலைகளில் பெருகிக்கொண்டே போகும். அது மட்டுமில்லை. ஆர்ஐஏஏ சமன்பாடு, அதாவது ரெக்கார்டில் பதிந்த ஒலியின் சமநிலையை மீட்கும் திருத்தம், தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அந்தத் தூக்கல் சுமார் 17 டெசிபெல், அதாவது 7 மடங்கு. ஆகவே வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டரிலிருந்து கசியும் சின்ன ரீங்காரம்கூட அங்கே பூதமாகிவிடும்.

கடைசியில் வருவது பெரும்பாலும் கேத்தோடு ஃபாலோயர், அதாவது பெருக்காமல் சிக்னலை அடுத்த கருவிக்குத் தள்ளும் நிலை. அதன் கெயின் (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு) ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. தன் இரைச்சலை அது பெருக்குவதில்லை. அங்கே போய் அரிய பழைய வால்வை மாட்டுவது என் பார்வையில் வீண். ஆனால் அந்த இடத்துக்கு வேறொரு தேவை இருக்கிறது. ஃபாலோயரில் கேத்தோடு (எலெக்ட்ரான்களை வெளிவிடும் உறுப்பு) தரையிலிருந்து 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஹீட்டரோ பல கருவிகளில் தரையோடு ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் இடையிலான இன்சுலேஷன் அந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டும். ஈசிசி83க்கு, அதாவது ஐரோப்பியப் பெயரில் 12ஏஎக்ஸ்7க்கு, ஐரோப்பியத் தரவுத்தாள் தரும் வரம்பு 180 வோல்ட். களைத்துப்போன பழைய வால்வு அங்கே படபடவென்று பொரியும். நல்ல புது வால்வு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் எதிரே ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: இரைச்சல், கெயின், இன்சுலேஷன். எது முக்கியமோ அது. வாங்கும்போது இந்தச் சொல்தான் வழிகாட்டும்.

3. இருக்கிற வால்வோடு அளந்து எழுதுங்கள்

புதிதாக வருகிறவர்கள் ஒருவர்கூட இந்தப் படியை விரும்பிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பழைய வால்வு கெட்டுப்போகும் கதைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஹீட்டர் மின்னழுத்தத்தைச் சாக்கெட்டிலேயே அளக்கவும். 6.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 10 சதவீதம் ஏற்ற இறக்கம், அதாவது 5.7 முதல் 6.9 வரை, வெளி வரம்பு. நான் 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் திருப்தி அடைவேன். பழைய டிரான்ஸ்ஃபார்மர்கள் இன்றைய மெயின்ஸ் அழுத்தத்தைவிடக் குறைவான ஒன்றுக்குச் சுற்றப்பட்டிருக்கலாம். அப்படியானால் ஹீட்டருக்கு எப்போதும் கூடுதலாகவே போகும், கேத்தோடு பூச்சு சீக்கிரம் தேயும். அதைச் சரிசெய்யாமல் அரிய வால்வை மாட்டினால் நீங்களே அதன் ஆயுளைச் சுருக்குகிறீர்கள்.

அப்புறம் கேத்தோடு ரெசிஸ்டரின் மேல் விழும் மின்னழுத்தம். 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரில் 1.5 வோல்ட் விழுந்தால் வால்வில் ஓடும் கரண்ட் 1 மில்லிஆம்பியர். 12ஏஎக்ஸ்7க்கு இது வழக்கமான அளவு. இதையும் பிளேட் (எலெக்ட்ரான்களை வாங்கும் உறுப்பு) மின்னழுத்தத்தையும் ஒவ்வொரு பாதிக்கும் எழுதி வையுங்கள்; இந்த வால்வுகளில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு இருக்கும். புது வால்வை மாட்டிய பிறகு இதே இடங்களில் மறுபடி அளந்தால், அது நலமா இல்லையா என்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இரைச்சல் ஏற்கெனவே இருந்தால், இடது வலது வால்வுகளை இடம் மாற்றிப் பாருங்கள். இரைச்சலும் கூடவே நகர்ந்தால் குற்றவாளி வால்வு. அதே பக்கத்தில் நின்றால் சர்க்யூட். இந்த ஒரு நிமிஷச் சோதனையைச் செய்யாததால் நான் மூன்று ஜோடி வால்வு மாற்றினேன். கடைசியில் படபடத்தது ஒரு பழைய கார்பன் காம்போசிஷன் பிளேட் ரெசிஸ்டர்.

4. எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள், மாற்று வால்வில் ஏமாறாதீர்கள்

அமெரிக்க எண்ணில் முதலில் வருவது ஏறத்தாழ ஹீட்டர் மின்னழுத்தம். 12 என்றால் 12.6 வோல்ட், 6 என்றால் 6.3. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும். ஈ (E) என்றால் 6.3 வோல்ட், பி (P) என்றால் 300 மில்லிஆம்பியர் தொடர் இணைப்பு. சிசி என்றால் இரட்டை டிரையோடு. எண் நடுவில் வந்தால், ஈ88சிசி போல, அது தொழில்துறைக்கான உயர் தரம். ஈ88சிசிக்குத் தரவுத்தாளே 10,000 மணி நேர ஆயுள் சொல்கிறது.

12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயூ7 மூன்றுக்கும் கால் வரிசை ஒன்றே. ஆகவே எதை எடுத்து எங்கே மாட்டினாலும் உட்காரும். சிக்கலே அதுதான். பெருக்கும் எண் முறையே 100, 60, 17. பிளேட் ரெசிஸ்டன்ஸ் 12ஏஎக்ஸ்7க்குச் சுமார் 62 கிலோ ஓம், 12ஏயூ7க்குச் சுமார் 7.7. 12ஏஎக்ஸ்7க்கு 1 மில்லிஆம்பியர் போதும். 12ஏயூ7 அதன் தரவுத்தாள் நிலையில் 10 மில்லிஆம்பியர் இழுக்கும். ஒன்றுக்காகக் கட்டிய சர்க்யூட்டில் மற்றதை மாட்டினால் பாட்டு கேட்கும், ஆனால் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வு நிற்கும் மின்நிலை) தவறான இடத்தில் நிற்கும்.

ஃபோனோவில் இது இன்னும் மோசம். பல ஃபோனோ சர்க்யூட்டுகளில் ஆர்ஐஏஏ வலைப்பின்னலின் கணக்கில் வால்வின் வெளியீட்டு மின்மறுப்பும் சேர்ந்தே இருக்கிறது. வால்வு வகையை மாற்றினால் பாஸும் டிரெபிளும் இடம் பெயரும். "புது வால்வில் மேல் ஸ்தாயி எவ்வளவு மென்மை!" என்று ஒருவர் மகிழ்ந்தால், அவர் கேட்பது அனேகமாகச் சமன்பாடு கெட்டுப்போனதை.

பாதுகாப்பான மாற்று என்று ஒன்று உண்டு: 12ஏஎக்ஸ்7 இடத்தில் 5751. பெருக்கும் எண் 70. சாதாரண 100 கிலோ ஓம் சுமையில் கெயின் 3 டெசிபெல் அளவுக்குக் குறையும். ஹீட்டர் கொஞ்சம் கூடுதலாக, 6.3 வோல்ட்டில் 300க்குப் பதில் 350 மில்லிஆம்பியர் எடுக்கும். ஒன்றிரண்டு மாட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் கண்டுகொள்ளாது. கெயின் அதிகமாகி வால்யூம் குமிழைக் கடிகாரத்தின் எட்டு மணி இடத்துக்கு மேல் திருப்ப முடியாதவர்களுக்கு இது நல்ல மருந்து. 12ஏயூ7 இடத்தில் வரும் 5814ஏவுக்கும் இதே ஹீட்டர் கணக்குதான். 6189 அந்தக் கூடுதல் கூட எடுக்காது.

இனி வால்வையோ டிரான்ஸ்ஃபார்மரையோ பலிகொடுக்கும் தவறுகள். ரஷ்ய 6என்2பியைப் பலர் 12ஏஎக்ஸ்7 என்றே விற்கிறார்கள். பெருக்கும் எண் ஒன்றுதான், ஹீட்டர் இணைப்பு வேறு. 6என்2பிக்கு 4, 5 கால்களுக்கு இடையில் 6.3 வோல்ட், 9ஆவது கால் உள்ளே உள்ள கவசம். 12ஏஎக்ஸ்7க்கு 9 என்பது ஹீட்டரின் நடு முனை. சாக்கெட் 12.6 வோல்ட்டுக்கு வயரிங் செய்யப்பட்டிருந்தால் 6என்2பியின் ஹீட்டருக்கு இரு மடங்கு போகும், எரிந்துவிடும். 6.3க்குச் செய்யப்பட்டிருந்தால் 4ம் 5ம் ஒன்றாக இணைந்திருக்கும், ஹீட்டர் ஒளிரவே ஒளிராது. 6டிஜே8ஐ அந்தச் சாக்கெட்டில் மாட்டினாலும் இதே கதிதான்.

6டிஜே8 இடத்தில் 6என்1பி மாட்டும் பழக்கமும் உண்டு. கால்கள் ஒத்துப்போகும். ஆனால் ஹீட்டர் 365க்குப் பதில் 600 மில்லிஆம்பியர் இழுக்கும். நாலு வால்வு இருந்தால் சுமார் ஒரு ஆம்பியர் கூடுதல். டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். இன்னொரு எச்சரிக்கை: 6டிஜே8இன் பிளேட் வரம்பு 130 வோல்ட்தான். அதன் உயர்தர வகைகளான ஈ88சிசி, 6922க்கு 220. உங்கள் சர்க்யூட் 6922ஐக் கேட்டால், மலிவாகக் கிடைக்கிறதே என்று 6டிஜே8 வாங்குவதற்கு முன் மூன்றாம் படியில் எழுதிய பிளேட் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 6டிஜே8இன் தொடர் ஹீட்டர் வகையான பிசிசி88 ஏறத்தாழ 7 வோல்ட் ஹீட்டர் கொண்டது. 6.3ல் சற்றுப் பசியோடு ஓடும். சிலர் அதில் ஒரு குறையும் காண்பதில்லை. நான் வாங்குவதில்லை.

எட்டுக்கால் பக்கம் குழப்பம் குறைவு. 6எஸ்என்7க்குப் பெருக்கும் எண் 20, 6எஸ்எல்7க்கு 70, கால் வரிசை ஒன்றே. 12எஸ்என்7 என்பது 12.6 வோல்ட் ஹீட்டர் கொண்ட அதே வால்வு. 6.3ல் அது ஓடாது. தேடுபவர்கள் குறைவு என்பதால் எளிதாகக் கிடைக்கிறது. ஹீட்டர் வயரிங்கை மாற்றத் தெரிந்தவர்களுக்கு யோகம்.

5. இப்போது பெயர்: கண்ணாடியில் அச்சிட்டதை நம்பாதீர்கள்

அந்தக் காலத்து வால்வு கம்பெனிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. அளவுக் கருவி செய்தவர்களும் ஆம்ப்ளிஃபயர் செய்தவர்களும்கூடத் தங்கள் பெயரை அச்சிட்டார்கள். ஆகவே மேலே உள்ள பெயர், யார் செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லை. மேலும் அந்த மை விரல் பட்டாலே போகும். போனதை மறுபடி அச்சிடுவது பெரிய வித்தையும் இல்லை. நான் வாங்கிய ஒரு ஜோடி "மேற்கு ஜெர்மனி" வால்வில், ஆல்கஹால் தொட்டதும் பெயர் முழுவதும் பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் வேறொரு பெயரின் நிழல் தெரிந்தது.

பார்க்க வேண்டியது கண்ணாடியோடு சேர்ந்தே உருவான அடையாளங்களையும் உள்ளே உள்ள கட்டுமானத்தையும்.

டெலிஃபுங்கன் தன் ஆலையில் செய்த ஒன்பது கால் வால்வுகளின் அடியில், கால்களுக்கு நடுவே, கண்ணாடியிலேயே வார்த்த சாய்சதுரக் குறி இருக்கும். விரலால் தடவினால் மேடு தெரியும். பெயர் இருந்து குறி இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பெயர் வேறாக இருந்து குறி இருந்தால் சந்தோஷப்படுங்கள், அனேகமாக விலை குறைவாக இருக்கும்.

பிலிப்ஸ் குடும்பத்தில், அதாவது முல்லார்ட், ஆம்பரெக்ஸ் போன்றவற்றில், கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மங்கலாக அரித்த இரண்டு வரி குறியீடு இருக்கும். முதல் வரி வகை. ஐ61, ஐ63 என்றால் ஈசிசி83. இரண்டாம் வரியின் முதல் குறி ஆலை. ஆங்கில B எழுத்து என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன், முக்கோணம் என்றால் ஹாலந்தின் ஹீர்லன். அதை அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 5 என்பது 1965ஆகவும் இருக்கலாம், 1975ஆகவும் இருக்கலாம். அதைக் கட்டுமானத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கண்ணாடி மேல் ஒரு மூச்சு விட்டால் குறி எழுந்து நிற்கும்.

அமெரிக்க வால்வுகளில் மூன்று இலக்க ஆலை எண் இருக்கும். 188 ஜெனரல் எலெக்ட்ரிக், 274 ஆர்சிஏ, 280 ரேதியான், 312 சில்வேனியா, 322 டங்-சோல். அதன்பின் வருவது ஆண்டும் வாரமும். இவையும் அச்சு மைதான், ஆகவே உள்ளே உள்ள பிளேட்டின் வடிவம், கெட்டர் (மிச்சக் காற்றை உறிஞ்சும் பூச்சு) வளையம், உறுப்புகளைப் பிடித்திருக்கும் மேல் மைக்காத் தகட்டின் வெட்டு ஆகியவற்றோடு ஒப்பிட்டே நம்புங்கள்.

எந்த ஆலை நல்லது என்று கேட்பீர்கள். ஒரே ஆலையின் ஒரே வாரத்து இரண்டு வால்வுகளுக்கு இடையில் உள்ள இரைச்சல் வித்தியாசம், இரண்டு ஆலைகளுக்கு இடையில் உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஃபோனோ முதல் நிலைக்கு, பெயர் தெரியாத ஆனால் இரைச்சல் சோதித்த ஒன்று கிடைத்தால், பெயர் பெற்ற சோதிக்காத ஒன்றை விட்டுவிட்டு அதையே வாங்குவேன்.

6. விற்பவரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்வி

எந்த டெஸ்டரில் சோதித்தீர்கள்? எமிஷன் டெஸ்டர் கேத்தோடு உயிரோடிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். டிரான்ஸ்கண்டக்டன்ஸ், அதாவது உள்ளே வரும் மின்னழுத்தம் மாறும்போது கரண்ட் எவ்வளவு மாறுகிறது என்பதை, அளக்கும் டெஸ்டர் இன்னும் நம்பகமானது. ஹிக்கோக் டெஸ்டர் தரும் எண்ணையும் ஏவிஓ டெஸ்டர் தரும் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றும் வேறு மின்னழுத்தத்தில் அளக்கிறது.

இரண்டு பாதிகளுக்கும் தனித்தனி எண் என்ன, அந்த டெஸ்டரில் குறைந்தபட்ச நல்ல அளவு என்ன? "புதிது போல" என்ற பதில் பதிலே இல்லை. இரண்டு பாதிகள் 10 சதவீதம் வேறுபட்டாலும் நான் கவலைப்பட மாட்டேன். பெருக்கும் எண் மாறாமல் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் 20 சதவீதம் குறைந்தால்கூட, 12ஏஎக்ஸ்7இல் 100 கிலோ ஓம் சுமையோடு கெயின் குறைவது ஒரு டெசிபெல்லுக்கும் கீழே.

இரைச்சலும் மைக்ரோஃபோனிக்ஸும் (அதிர்வை ஒலியாக மாற்றும் குறை) ஒரு சர்க்யூட்டில் மாட்டிக் கேட்கப்பட்டதா? டெஸ்டரில் முழு மதிப்பெண் வாங்கிய வால்வு ஃபோனோவில் மணி போல ஒலிக்கலாம். டெஸ்டர் அதைக் கேட்பதில்லை.

திருப்பித் தரலாமா, எத்தனை நாளுக்குள்? ஃபோனோவுக்கான வால்வை இந்த உறுதி இல்லாமல் வாங்க வேண்டாம்.

"நியூ ஓல்டு ஸ்டாக்" என்பது பழைய, பயன்படுத்தாத சரக்கு என்று பொருள். பெட்டி பழையதாக இருப்பதால் வால்வு பயன்படாதது ஆகிவிடாது. நன்றாக அளக்கும் பயன்படுத்திய வால்வு ஒன்றும் பாவம் செய்ததில்லை. என் ஃபோனோவில் இன்று இருப்பது அப்படிப்பட்டதுதான்.

7. கைக்கு வந்ததும்

கெட்டர் பூச்சைப் பாருங்கள். அது கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பேரியம். கண்ணாடி போல் வெள்ளியாகவோ கருமையாகவோ இருந்தால் சரி. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, மாட்டவே வேண்டாம். பூச்சின் அளவை வைத்து ஆயுளைக் கணிக்காதீர்கள். ஆலையிலேயே சிலவற்றுக்குக் குறைவாகத்தான் படிந்திருக்கும்.

கால்கள் கண்ணாடிக்குள் நுழையும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் இன்று இல்லாவிட்டால் நாளை காற்று புகும்.

8. மாட்டும் முறை

கருவியை அணைத்து, ஏற்கெனவே மாட்டியிருக்கும் வால்வு ஆறும்வரை பொறுங்கள். கால்களை ஆல்கஹாலில் துடையுங்கள். கண்ணாடியில் உள்ள எழுத்துப் பக்கம் போகாதீர்கள். கருத்துப்போன கால்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் பளபளக்கும். வளைந்த காலைச் சாக்கெட்டுக்குள் திணித்து நேராக்குவது பெரிய தவறு. விரிசல் விழுவது அங்கேதான். தட்டையான இடுக்கியால், கண்ணாடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, சிறிது சிறிதாக நிமிர்த்துங்கள்.

ஒன்பது கால் வால்வில் 1க்கும் 9க்கும் நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். அதைச் சாக்கெட்டின் இடைவெளியோடு பொருத்தி நேராக அழுத்துங்கள். கழற்றும்போது மெல்ல ஆட்டிக்கொண்டே மேலே இழுக்கவும், திருகக் கூடாது. எட்டுக்கால் வால்வை எப்போதும் அடித்தளத்தில் பிடியுங்கள். கண்ணாடியில் பிடித்து இழுத்தால் அடித்தளம் மட்டும் சாக்கெட்டிலேயே தங்கிவிடும்.

வால்யூமைக் குறைத்து, பவர் ஆம்ப்பை அணைத்த நிலையில் ப்ரீஆம்பை மட்டும் போடுங்கள். சில பழைய ஐரோப்பிய வால்வுகள் போட்டவுடன் ஒரு விநாடி பளீரென்று மின்னும். ஹீட்டரின் ஒரு சிறு பகுதி வெளியே இருப்பதால் வருவது அது, பயப்பட வேண்டாம். இரண்டாவது நாளும் மூன்றாவது நாளும் அப்படியே மின்னும், நீங்களும் பழகிவிடுவீர்கள். ஆனால் ஊதா வெளிச்சம் உள் உறுப்புகளுக்கு நடுவே பரவினாலோ பிளேட் சிவந்தாலோ உடனே அணையுங்கள்.

பத்து நிமிஷம் கழித்து மூன்றாம் படியின் அளவுகளை மறுபடி எடுங்கள். கேத்தோடு மின்னழுத்தம் பழைய எண்ணிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், அந்த வால்வு களைத்தது அல்லது வேறு வகை.

9. இரைச்சல் சோதனை

இன்புட்டைத் திறந்து விடாமல் ஷார்ட் செய்யுங்கள். திறந்த ஃபோனோ இன்புட் எந்த வால்விலும் ரீங்காரமிடும். பல நல்ல வால்வுகள் இந்த அறியாமையால் திருப்பி அனுப்பப்படுகின்றன.

வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்து, உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் எல்லா வால்வும் சீறும். சீறல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரீங்காரம் ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஹீட்டர் கேத்தோடு கசிவைச் சந்தேகிக்கலாம். இடம் மாற்றிப் பார்த்தால் உறுதியாகும். படபடப்பு பல வருஷம் பெட்டியில் கிடந்த வால்வுகளுக்கு முதல் சில மணி நேரம் சகஜம். பத்து மணி நேரம் ஓடிய பிறகும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாகப் பென்சிலின் அழிப்பான் முனையால் வால்வை மெதுவாகத் தட்டுங்கள். ஃபோனோ முதல் நிலையில் மந்தமான 'டொக்' கேட்பது இயல்பு. 'டிங்' என்று ஆரம்பித்து நீண்டுகொண்டே போனால், அந்த வால்வு ஸ்பீக்கரின் அதிர்வையே வாங்கித் திருப்பிப் பாடும். அதை லைன் நிலைக்கு, அதாவது ஃபோனோவுக்குப் பிந்திய பகுதிக்கு, மாற்றுங்கள். அங்கே பெரும்பாலும் அடங்கிவிடும். தள்ளிவிட வேண்டிய அவசியமில்லை.

10. அப்புறம்தான் கேட்பது

ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். 3 டெசிபெல் உரக்க ஒலிப்பது எப்போதும் "விவரம் கூடியது" போலவே கேட்கும். 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றை ஓட்டி, ப்ரீஆம்ப் வெளியீட்டில் ஏசி வோல்ட் அளந்து, ஒவ்வொரு வால்வுக்கும் அதே எண் வருமாறு வால்யூமைத் திருப்புங்கள். 1.00 வோல்ட்டுக்கும் 1.02க்கும் உள்ள வித்தியாசம் 0.2 டெசிபெல்லுக்குள் அடங்கும், அது போதும்.

ஒரு நேரத்தில் ஒரு நிலையை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர், எது எதைச் செய்தது என்று ஒருபோதும் கண்டுபிடிப்பதில்லை. மாற்றிய பிறகு இருபது முப்பது மணி நேரம் சாதாரணமாகக் கேட்டுவிட்டு, முன்பு இருந்ததைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். முன்னே போகும்போது தெரியாத வித்தியாசம் பின்னே வரும்போது தெரியும். அப்போதும் தெரியவில்லையா? முன்பு இருந்த வால்வையே வைத்துக்கொண்டு இப்போது வாங்கியதைத் திருப்பி அனுப்பலாம். நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

11. கழற்றியதை வைப்பதும் மிச்சம் வாங்குவதும்

கழற்றிய ஒவ்வொரு வால்வின் பெட்டி மேலும் எழுதுங்கள்: எந்த நிலை, கேத்தோடு மின்னழுத்தம், இரைச்சல் எப்படி, எந்தத் தேதி. எழுதாமல் வைத்த பெட்டியை ஒரு வருஷம் கழித்துத் திறந்தால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

கருவியில் ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தால், நாள் முழுவதும் அதில் விடாதீர்கள். பிளேட் கரண்ட் இல்லாமல் ஹீட்டர் மட்டும் நெடுநேரம் எரிந்தால் கேத்தோடில் ஒரு தடைப் படலம் வளர்ந்து கெயினைத் தின்னும். கேட்காதபோது முழுதாக அணைத்துவிடுங்கள்.

மிச்சம் வாங்குவதாக இருந்தால் முதல் நிலைக்கு மட்டும் ஒன்று. அதையும் வந்த வாரமே மாட்டி, ஒன்பதாம் படியை முடித்துவிட்டு எடுத்து வையுங்கள். சோதிக்காமல் அலமாரியில் வைத்தால், குறை தெரியவரும்போது திருப்பி அனுப்பும் நாள் கடந்திருக்கும்.